ஏற்காட்டில் நான்கு நாள்: ஆடிவிட்டு எழுதினோம்

கவிதை எழுதுகிறவர்களுக்கு என்று நடத்தும் தங்கும் முகாம்களுக்கு இதற்கு முன் இரண்டு முறை போயிருக்கிறேன். இரண்டிலும் வட்டமாக உட்கார்ந்து வாசித்தோம், மாறி மாறிப் பாராட்டிக்கொண்டோம், படம் எடுத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தோம். அதனால் நடனமும் கவிதையும் சேர்த்து ஏற்காட்டில் நான்கு நாள் என்று தோழி ஒருத்தி அனுப்பிய அறிவிப்பைப் பார்த்தபோது பெரிய ஆசை ஒன்றும் வரவில்லை, அவள் விடாமல் இழுத்ததால்தான் பணம் கட்டினேன். திரும்பி வந்து மூன்று வாரம் ஆகிறது. நான் எழுதும் முறையே மாறியிருக்கிறது. சில குறைகளும் இருந்தன, அவற்றையும் மறைக்காமல் சொல்கிறேன்.

நடத்துகிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் பரதநாட்டிய ஆசிரியை, இன்னொருவர் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். குறை சொல்லும் இடத்தில் பெயர் போட எனக்கு விருப்பமில்லை, அவர்களிடம் நேரிலேயே சொல்லிவிட்டுத்தான் வந்தேன். மூன்று இரவு, சாப்பாட்டோடு சேர்த்து 14,000 ரூபாய், அறைக்கு இரண்டு பேர். மொத்தம் 12 பேர் வந்திருந்தோம். சேலத்திலிருந்து வேனில் கூட்டிப்போனார்கள். அந்த 20 கொண்டை ஊசி வளைவில் தலை சுற்றும் ஆளாக இருந்தால் முன் இருக்கையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தங்கிய இடம் ஒரு காபித் தோட்டத்துக்குள் இருந்த பழைய வீடு. அதற்கு முந்தின வாரம் கோடைமழை ஒன்று பெய்திருந்ததால் காபிச் செடியெல்லாம் பூத்துக் கிடந்தது, கிட்டத்தட்ட மல்லிகை வாசம், காலையில் கதவைத் திறந்ததும் முகத்தில் வந்து அடிக்கும். பயிற்சி எல்லாம் நடுக்கூடத்தில், சிவப்புக் காவி போட்ட தரை. அந்தத் தரையைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

முதல் நாள் மதியம் எழுதச் சொல்வார்கள் என்று நோட்டோடு போய் உட்கார்ந்தோம். நோட்டை ஓரமாக வைத்துவிட்டு எழுந்து நிற்கச் சொன்னார் தமிழாசிரியர். ‘செய்யுளுக்கு உறுப்பு ஆறு என்று யாப்பில் படித்திருப்பீர்கள், எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை. ஒவ்வொன்றையும் உடம்பில் தொட்டுக் காட்டுங்கள்’ என்றார். உறுப்பு என்பதே கை கால் மாதிரி. அடி, பாதம். அசை, அசைவு. தளை, காலைக் கட்டும் விலங்கு. தொடையைத் தொட்டபோது அவரே திருத்தினார், யாப்பில் வரும் தொடை தொடுப்பதிலிருந்து, பூத்தொடுப்பதிலிருந்து வந்தது, காலில் இருக்கும் தொடையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று. அந்தத் திருத்தம் எனக்குப் பிடித்திருந்தது. பொருந்துகிற மாதிரி தெரிகிறது என்பதற்காக எதையும் இழுத்துப் பொருத்தவில்லை.

அப்புறம் அசை, ஒரு சீரைப் பிரித்தால் கிடைக்கும் துண்டு. புள்ளி எழுத்தை விட்டு எண்ணினால் ஓரெழுத்து நிற்பது நேரசை, ஈரெழுத்து நிற்பது நிரையசை. நேரசைக்குக் காலால் ஒரு தட்டு, நிரையசைக்கு வேகமாக இரட்டைத் தட்டு. தேமா என்றால் தட்டு, தட்டு. புளிமா என்றால் இரட்டை, ஒற்றை. கூவிளம் ஒற்றை, இரட்டை. கருவிளம் இரட்டை, இரட்டை. பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துபோன வாய்பாடு அது. ஒவ்வொருவரும் அவரவர் பெயரைத் தட்டிக் காட்டவேண்டும் என்றார்கள். 12 பேரில் நான் மட்டும்தான் கூவிளம். நாற்பத்தாறு வருஷம் சுமந்த பெயர் காலுக்குள் போய் இப்படி ஒரு நடை நடக்கும் என்று எனக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் செய்ததை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். தரையில் சாக்பீஸால் மேல் வரிசையில் நான்கு கட்டம், கீழ் வரிசையில் மூன்று கட்டம் போட்டார்கள். குறளுக்கு ஏழு சீர் இல்லையா, முதலடியில் நான்கு, இரண்டாமடியில் மூன்று. அவரவருக்குப் பிடித்த ஒரு குறளைச் சொல்லிக்கொண்டே சீருக்கு ஒரு கட்டமாக நடக்கவேண்டும், அவ்வளவுதான் பயிற்சி. மேல் வரிசை முடித்துத் திரும்பி, ஐந்து, ஆறு, ஏழு. ஏழாவது கட்டத்தில் கால் வைத்ததும் உடம்பு எட்டாவதுக்குச் சாய்கிறது, ஏனென்றால் மேலே நான்கு நடந்த பழக்கம் காலில் இருக்கிறது. எட்டாவது கட்டம் கிடையாது. போதாததற்கு அந்த ஏழாவது சீரும் முழுச் சீர் இல்லை, நாள், மலர், காசு, பிறப்பு என்று ஓரசை வாய்பாட்டில் சட்டென்று முடிகிற சீர். முன்காலில் பாரத்தைப் போட்டுக்கொண்டு, பின்குதிகால் தூக்கியபடி நான் நின்றேன். கூடத்தில் சத்தமே இல்லை. குறள் ஏன் முடிந்த பிறகும் காதுக்குள் இருந்துகொண்டே இருக்கிறது என்று எத்தனையோ பேர் விளக்கிப் படித்திருக்கிறேன். எனக்கு அது அந்தக் குதிகாலில்தான் புரிந்தது.

நடன ஆசிரியை உடனே அதைத் தாளத்துக்குக் கொண்டுபோனார். ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாப்புத் தாளம் 3ம் 4மாகப் பிரியும், தகிட தகதிமி. அதைத் திருப்பிப் போட்டு 4ம் 3மாக வைத்தால் விலோம சாப்பு. குறளின் ஏழு இந்தத் திருப்பிப் போட்ட ஏழு மாதிரி நடக்கிறது பாருங்கள் என்று தகதிமி தகிட என்று சொல்லித் தட்டிக் காட்டினார். யாப்பின் சீரும் தாளத்தின் எண்ணிக்கையும் ஒன்றில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார். பதினாலு வயதில் பரதத்தை விட்டவள் நான், அரங்கேற்றம் வரை போகவில்லை. அந்தத் தட்டைக் கேட்டதும் உள்ளங்கால் தானாக எழுந்தது.

இரண்டாம் நாள் மெய்ப்பாடு, மனதில் தோன்றும் உணர்ச்சி உடம்பில் வெளிப்படுவது. நவரசம் என்று முகத்தில் வரவழைக்கும் வேலையாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. தொல்காப்பியத்தின் எட்டு மெய்ப்பாட்டை எடுத்துக்கொண்டார்கள், அதிலும் அழுகை ஒன்றை மட்டும் காலை முழுக்கச் செய்தோம். அழுகை பிறக்கும் இடம் நான்கு என்று அங்கே சொல்லியிருக்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்வதால் வருவது, இழந்ததால் வருவது, முன்பு இருந்த நிலையிலிருந்து தாழ்ந்ததால் வருவது, இல்லாமையால் வருவது. முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு முதுகை மட்டும் வைத்து இந்த நான்கையும் வேறுபடுத்திக் காட்டவேண்டும். இழவில் தோள் முன்னால் சரிகிறது. அசைவில் அப்படிச் சரியவில்லை, நிமிரப் பார்த்து நிமிர முடியாமல் பாதியில் நிற்கிறது, எங்கள் எல்லோருக்குமே அப்படித்தான் வந்தது, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பன்னிரண்டு நிமிஷம் எழுத நேரம் கொடுத்தார்கள். ‘சோகம்’, ‘கண்ணீர்’, ‘வலி’ மூன்று சொல்லுக்கும் தடை. என் பழைய கவிதைகளில் அந்த மூன்றையும் எடுத்துவிட்டால் பாதி மிஞ்சாது.

மெய்ப்பாட்டியல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் எந்த இடத்தில் வருகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? அதற்கு அடுத்து உவமவியல், அதற்கும் அடுத்துத்தான் செய்யுளியல். முதலில் உடம்பு, அப்புறம் உவமை, அப்புறம்தான் செய்யுள். இந்த முகாமை இதே வரிசையில்தான் அமைத்திருக்கிறார்கள், எந்தப் பயிற்சியிலும் உடம்புக்கு முன்னால் பேனாவைத் தொடவிடவில்லை.

அன்று மதியம் அவரவர் கைக்குப் பழகிய வேலை ஒன்றைக் கருவி இல்லாமல் செய்யச் சொன்னார்கள். சேலம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வந்திருந்தார், நாற்பது வருஷம் குழித்தறியில் நெய்தவர், ஆட்டம் என்று வாழ்நாளில் எதுவும் ஆடியதில்லை. பெஞ்சு விளிம்பில் உட்கார்ந்து கால் இரண்டும் மாற்றி மாற்றி மிதிக்க, வலக்கை நாடாவை இழுக்க, இடக்கை அடித்துச் சேர்க்க, இல்லாத தறி எங்கள் கண்முன்னால் ஓடியது. நடன ஆசிரியை அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தாளம் போட்டுப் பார்த்தார், ‘ஐயா, நீங்க மனசுக்குள்ள எத்தனை எண்றீங்க?’ என்று கேட்டார். ‘நெய்யறப்ப நான் எண்ண மாட்டேன் கண்ணு, காலு எண்ணிக்கும்’ என்றார் அவர். அந்த நான்கு நாளில் நான் நோட்டில் குறித்துவைத்த ஒரே வாக்கியம் அதுதான்.

நான் ஆட்டுக்கல் ஆட்டினேன். என் வீட்டில் கிரைண்டர் வந்து முப்பது வருஷம் இருக்கும், ஆட்டியது அம்மாதான், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததோடு சரி. ஆனால் கை தெரிந்து வைத்திருந்தது. வலக்கை குழவியைச் சுற்றும், இடக்கை மாவைக் குழிக்குள் தள்ளும், குழவி அந்தப் பக்கம் வருவதற்குள் விரலை எடுத்துக்கொள்ளும், மறுபடி தள்ளும். இடக்கைக்கு என்று தனியாக ஒரு தாளம் இருக்கிறது, அதைப் பார்த்த நாளெல்லாம் நான் கவனித்ததே இல்லை. எழுத உட்கார்ந்தபோது வந்தது இது:

வலக்கை சுற்றும்
இடக்கை தள்ளும்
கல் வருமுன் விலகும்
அந்த வீட்டில் எல்லோரிடமும்
இப்படித்தான் இருந்தாள் அம்மா

அம்மாவைப் பற்றி இருபது கவிதையாவது எழுதியிருப்பேன். இதை மட்டும்தான் இனி வைத்துக்கொள்ளப் போகிறேன்.

மூன்றாம் நாள் காலை வெளியில். காபிச் செடிகளுக்கு நடுவே, மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே ஒற்றையடிப் பாதை. வழிநடைச் சிந்து என்றே நம்மிடம் ஒரு பாட்டு வகை உண்டு, காவடிச் சிந்து காவடி எடுத்து நடக்கிறவர்களின் காலடியில் பிறந்தது, நொண்டிச் சிந்து நொண்டி நாடகத்தில் கால் இழந்தவன் பாட வைத்தது, அந்த நடையைத்தான் பாரதி பாஞ்சாலி சபதத்திலும் எடுத்துக்கொண்டார். இதையெல்லாம் நடந்துகொண்டே சொன்னார் தமிழாசிரியர், மூச்சு வாங்கும் இடத்தில் நின்று சொன்னார். எங்களுக்கு வேலை, ஏறும்போது ஒரு மூச்சில் எவ்வளவு சொல்ல முடிகிறதோ அது ஒரு வரி. மேடேறும்போது எல்லோருக்கும் வரி இரண்டு சீருக்குச் சுருங்கிவிட்டது. இறங்கும்போது ஐந்து ஆறு என்று நீண்டது. வரியை எங்கே உடைப்பது என்று புதுக்கவிதை எழுதும் எவரும் தவிக்காமல் இருந்திருக்க மாட்டார்கள், நான் இத்தனை வருஷமும் கண்ணுக்கு அழகாக இருக்கும் இடத்தில் உடைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, குறைகள்.

தரை. சிவப்புக் காவித் தரை பார்க்க அழகு, ஆனால் அடியில் சிமென்ட். முதல் நாள் காலையிலேயே, நாற்பது நிமிஷம், அரைமண்டியில், அதாவது முட்டியை மடக்கிப் பாதி உட்கார்ந்த நிலையில் நின்று தட்டடவு, பாதத்தால் தரையைத் தட்டும் பரதப் பயிற்சி. ஐம்பதைத் தாண்டியவர்கள் நான்கு பேர் இருந்தார்கள், ஒருவரிடமும் முட்டிவலி உண்டா என்று முன்கூட்டிக் கேட்கவில்லை. எனக்கு அன்று இரவு படியிறங்க முடியவில்லை. சொன்ன பிறகு பாய் விரித்தார்கள், நாற்காலியில் உட்கார்ந்தபடி செய்யும் முறையும் சொல்லிக்கொடுத்தார்கள், அது நன்றாகவே இருந்தது. அதை முதல் நாளே கொடுத்திருக்கலாம். பணம் வாங்கும்போதே உடல்நிலை பற்றி நான்கு கேள்வி கேட்பது ஒன்றும் கஷ்டமில்லை.

இரண்டாவது, எல்லாக் கவிதைக்கும் ‘அருமை’. தறிக்காரர் எழுதியதும் அருமை, கடிகாரம் பார்த்து நிரப்பியதும் அருமை. தயங்குகிறவர்களைப் பேசவைக்க அது தேவைதான், முதல் நாள். மூன்றாம் நாளுக்கும் அதே சொல் என்றால் எது நின்றது, எது விழுந்தது என்று நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வது? அடவில் முழங்கை தாழ்ந்தால் உடனே திருத்திய அதே ஆசிரியை, கவிதையில் ஒரு வரி தாழ்ந்ததைத் திருத்தவே இல்லை. உடம்பிடம் காட்டிய கண்டிப்பை எழுத்திடமும் காட்டியிருந்தால் இந்த நான்கு நாள் இன்னும் இரண்டு மடங்கு மதிப்பு பெற்றிருக்கும்.

மூன்றாவதில்தான் எனக்குக் கோபம் வந்தது. முகத்தை மூடிக்கொண்டு அழுகை செய்த அந்தப் பயிற்சியை உதவிக்கு வந்த பையன் போனில் வீடியோ எடுத்திருக்கிறான், சாயங்காலமே இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டார்கள். எங்களில் ஒரு அம்மா அந்த மாதம்தான் கணவரை இழந்தவர். அவருடைய முதுகு அது. முகம் தெரியவில்லையே என்றார்கள். சொன்னதும் எடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டார்கள், உண்மையான வருத்தத்தோடுதான் கேட்டார்கள். ஆனாலும் கூடத்துக்குள் போன் கூடாது என்று எங்களுக்கு விதித்த விதி அவர்களுக்கும்தானே.

சாப்பாடு பற்றி ஒரு வரி: தோட்டத்து அம்மா சமையல், ராகிக்களியும் கீரைக் கடைசலும், ‘இன்னும் ஒரு உருண்டை போட்டுக்க கண்ணு’ என்று கேட்காமலே போடுவார். அறைகள் சுத்தம். வெந்நீர் காலை ஏழு மணி வரைதான்.

யார் போகலாம்? நடனம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, அந்தப் பெரியவரே சாட்சி. தமிழில் எழுதுகிறவராக இருக்கவேண்டும், ஏனென்றால் அசை, சீர், சிந்து என்று எல்லாமே இந்த மொழியின் நடையில் நிற்கிறது, வேறு மொழியில் எழுதுகிறவருக்குப் பாதி கைக்கு வராது. தொட்டுச் செய்யும் பயிற்சி ஒன்று உண்டு, எதிரில் நிற்பவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நடப்பது, விருப்பமில்லை என்றால் விலகிக்கொள்ளலாம் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டார்கள், அதைச் சரியாகச் செய்தார்கள். பாராட்டு மட்டும் வேண்டும் என்று போகிறவர்களுக்கும் மனம் நிறையும், ஆனால் நீங்கள் எழுதியதைப் பற்றி உண்மையான கருத்து வேண்டுமென்றால் கடைசி நாள் தமிழாசிரியரைத் தனியாகப் பிடித்துக் கேளுங்கள். நான் அப்படித்தான் கேட்டேன். என் கவிதையில் ‘அந்த வீட்டில்’ தேவையா என்று கேட்டுவிட்டு எதுவும் சொல்லாமல் நின்றார். இன்னும் முடிவு செய்யவில்லை, மொட்டைமாடியில் சாயங்காலம் நடந்து நடந்து இரண்டு விதமாகவும் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மழைக்காலம் முடிந்து அடுத்த முகாம் வைப்பதாகச் சொன்னார்கள். போகிறவர்கள் முட்டிக்குக் கீழே மடித்துப்போட தடிமனான துண்டு ஒன்று எடுத்துப் போங்கள், காலையில் அந்தத் தரை சில்லென்று இருக்கும்.