வன்னியில் ஒரு வலி நிவாரணக் கிளினிக்: பயனாளி ஒருவரின் மதிப்பீடு

மன்னார், முல்லைத்தீவுக் கரைகளில் கேரளக் கஞ்சா பொதி பொதியாகப் பிடிபடுவதும் ஐஸ் என்னும் போதைப்பொருளை வைத்திருந்த இளைஞர்கள் கைதாவதும் வழமையான செய்தியாகிவிட்ட வன்னியில், வீட்டிலுள்ள நோயாளிக்கு அபின் வகையைச் சேர்ந்த வலி மருந்தான மோர்பின் எழுதப்பட்டிருக்கிறது என்றறிந்தால் எந்தக் குடும்பமும் சற்றுத் தயங்கவே செய்யும். தெல்லிப்பழையில் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றுத் திரும்பிய எனது பெரியம்மாவும், "என்னையும் தூள்காரி ஆக்கப் போறியளோ?" என்றுதான் கேட்டார். எலும்புக்குப் பரவிவிட்ட நோயின் வலிக்காக நாங்கள் அவரை அழைத்துச் சென்ற, ஏ-9 வீதியை அண்டிய வைத்தியசாலையொன்றின் வலி நிவாரணக் கிளினிக்கைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

அவருடைய கேள்வியைச் சிரித்துத் தட்டிக்கழிக்காமல், அமரவைத்துப் பதில் சொன்னமையே இக்கிளினிக்கின் முதற் சிறப்பு. தூள் என்று ஊரில் சொல்லப்படும் ஹெரோயின் உடலுக்குள் மோர்பினாகவே மாறுகிறது என்பதையும், 1898இல் ஜேர்மனியின் பேயர் நிறுவனம் அதனை இருமல் மருந்தாகச் சந்தைக்கு விட்டது என்பதையும் வைத்தியர் மறைக்கவில்லை. தெருவில் வாங்கும் தூளில் மருந்து எவ்வளவு, கலப்படம் எவ்வளவு என்பது விற்பவனுக்கே தெரியாது. அளவு மிஞ்சினால் மூச்சு அடங்கிவிடும். ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வியும் ஈரல் அழற்சியும் தொற்றக்கூடும். இங்கோ சிறிய அளவில் தொடங்கி, வலி தணியும்வரை படிப்படியாகக் கூட்டி, நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை வாய்வழியாகக் கொடுக்கச் சொல்கிறார்கள். மலச்சிக்கல் வரும் என்பதால் அதற்கான மருந்தையும் கூடவே எழுதுகிறார்கள். உடல் மருந்துக்குப் பழகிப்போவதும் மனம் போதையைத் தேடி அலைவதும் ஒன்றல்ல என்று விளக்கிய அதே வாயால், மருந்தைத் திடீரென நிறுத்தக்கூடாது, எழுப்பியும் எழும்பாத தூக்கமோ மூச்சு மந்தமோ கண்டால் உடனே கொண்டுவர வேண்டும், குளிசைகளைப் பூட்டி வைத்து மிச்சத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றும் எச்சரித்தார்கள். பெரியம்மா இப்போது இரவில் உறங்குகிறார்.

கேட்பவர்களுக்கெல்லாம் இங்கு மோர்பின் கிடைக்காது என்பதும் என்னைக் கவர்ந்தது. ஷெல் துண்டுகளை இன்னமும் உடலில் சுமப்பவர்கள் நிறைந்த மண் இது. அப்படி வந்திருந்த ஒருவருக்கு, நீண்டகால நரம்பு வலிக்கு மோர்பின் நல்ல தெரிவல்ல என்று சொல்லி வேறு மருந்து எழுதினார்கள். அந்த வரிசையில் வரும் பிரீகாபலினும் போதைக்காக விழுங்கப்படுவதால், அதனைக் குறைந்த நாட்களுக்கே கொடுப்பதாகத் தாதி கூறினார். கஞ்சா எண்ணெய் புற்றுநோயைக் குணமாக்குமா என்று இன்னொருவர் கேட்டார். கஞ்சாவிலிருந்து பிரித்தெடுத்த கனபிடையோல் மருந்து சில கடுமையான குழந்தைப்பருவ வலிப்புகளுக்கு 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றதென்றும், புற்றுநோயை அது குணமாக்கும் என்பதற்குச் சான்றில்லை என்றும் சுருக்கமாகப் பதில் வந்தது. பாடசாலைகளில் நடக்கும் விழிப்புணர்வுக் கூட்டங்களில் இந்த நேர்மையை நான் கண்டதில்லை.

குறைகளும் உண்டு. கிளினிக் வாரத்தில் ஒரு நாள் மட்டுமே நடப்பதும், தூரத்துக் கிராமங்களிலிருந்து பஸ் மாறி வருபவர்கள் வைத்தியரைப் பார்த்து முடிப்பதற்குள் மருந்து கொடுக்கும் யன்னல் மூடப்பட்டுவிடுவதும் பெரிய சிரமம். குளிசைப் பையில் நேரம் ஆங்கிலத்தில் எழுதப்படுவதால், வீட்டில் நாங்கள் தமிழில் வேறு தாள் எழுதி ஒட்ட வேண்டியிருந்தது. வீதிச் சோதனையில் பையைத் திறந்து காட்ட நேர்ந்தால் விளங்கப்படுத்துவதற்குச் சிங்களத்திலும் தமிழிலும் ஒரு கடிதம் கொடுத்தால், வீட்டுக்கு மருந்து கொண்டுசெல்பவர்களின் அச்சம் பெருமளவு குறையும். கேட்டபோது அடுத்த முறை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.