36 நிமிடத்தில் 15,000 ரூபாய்: பூமி பூஜைக்கு ஆள் தேடுகிறவர்கள் கவனத்துக்கு

திருநெல்வேலிப் பக்கம் வீடு கட்டத் தொடங்குகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், அட்வான்ஸ் அனுப்புவதற்கு முன்னால் படித்தால் நல்லது. எங்களிடமிருந்து பணம் போன விதத்தை அப்படியே எழுதுகிறேன். ஆள் பெயர், நம்பர் எதுவும் போடவில்லை. போட்டும் பயனில்லை, எனக்குத் தெரிந்தே இரண்டு முறை விளம்பரத்தில் பெயரை மாற்றிவிட்டார்.

நாங்கள் சிந்துபூந்துறையில் வாடகைக்கு இருந்தோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. கொட்டிய அந்த மழையில், தாமிரபரணி எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டது. பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த அம்மாவின் கல்யாணப் பட்டு சேறானது. "இனிமே ஆத்துப் பக்கம் இருக்க மாட்டேன்" என்று அம்மா ஒரே பிடியாக நின்றாள். ரெட்டியார்பட்டிப் பக்கம் மேட்டில் வாங்கிப் போட்ட ஐந்து சென்ட் மனை இருந்தது. சரி, தை பிறந்ததும் வானம் தோண்டிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

கொத்தனார் அண்ணாச்சி அன்றைக்கே சொன்னார்: "நானே பூசை போட்டுத் தாரேன் தம்பி. அஞ்சு செங்கலும் நவதானியமும் கொஞ்சம் பாலும் இருந்தாப் போதும்." கேட்டிருக்கலாம். ஆனால் வெள்ளம் பார்த்த வீடு. எதையும் குறை வைக்காமல் செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் ஒரு பயம். வழக்கமாக வரும் குருக்களைக் கேட்டால், தை 12-க்கு ஏற்கெனவே மூன்று இடத்தில் ஒப்புக்கொண்டுவிட்டேன் என்றார்.

இந்த நெருக்கடிதான் இவர்களுக்குப் பிழைப்பு என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. வாஸ்து புருஷன் வருடத்தில் எட்டு நாள்தான் கண் விழிக்கிறார் என்பது நம் பஞ்சாங்கக் கணக்கு: சித்திரை 10, வைகாசி 21, ஆடி 11, ஆவணி 6, ஐப்பசி 11, கார்த்திகை 8, தை 12, மாசி 22. விழித்திருப்பது மூன்றே முக்கால் நாழிகை, அதாவது 90 நிமிடம். அதற்குள் பல் தேய்த்து, குளித்து, பூஜை செய்து, சாப்பிட்டு, வெற்றிலை போடுகிறார். ஒவ்வொன்றுக்கும் 18 நிமிடம். சாப்பாடும் வெற்றிலையும் சேர்ந்த கடைசி 36 நிமிடம்தான் மனை கோல, அதாவது வீட்டு வேலை தொடங்க, நல்ல நேரம். ஊரில் வீடு கட்டுகிற அத்தனை பேருக்கும் அதே 36 நிமிடம் வேண்டும். ஆள் எங்கே கிடைக்கும்? ஃபேஸ்புக்கில் கிடைத்தார்.

"வாஸ்து நிபுணர், பூமி பூஜை பேக்கேஜ், சகல சாமான்களுடன் 11,000" என்று விளம்பரம். போனில் நல்ல மரியாதையாகப் பேசினார். 3,000 அட்வான்ஸ் அனுப்பினேன். அனுப்பிய பிறகு, பூஜைக்கு முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு, வாட்ஸப்பில் ஒரு சாமான் பட்டியல் வந்தது. பேக்கேஜில் வராதவையாம். தேங்காய் 12, புது வேட்டி துண்டு, பித்தளைக் குடம், பச்சரிசி 5 கிலோ... சரி, நல்ல காரியம் என்று வாங்கினோம். பூஜை முடிந்ததும் குழிக்குள் போனது ஒரு தேங்காய்த் தண்ணீர். மிச்சமெல்லாம் அவர் கார் டிக்கிக்குள் போனது. இதை ஒரு புகாராகச் சொல்லவில்லை, ஊர் வழக்கம்தான்.

தை 12, குடியரசு தின லீவு. பத்து மணிக்கே சொந்தபந்தம் எல்லாம் வந்துவிட்டது. ஈசானிய மூலையில் அண்ணாச்சி முந்தின நாள் சாயங்காலமே ஒன்றரை அடிக்கு வட்டமாகக் குழி எடுத்து வைத்திருந்தார். நிபுணர் அப்படித்தான் செய்யச் சொல்லியிருந்தார். பத்தே முக்கால் வாக்கில் நேரம் தொடங்கியது. பிள்ளையார் பிடித்து, சங்கல்பம் சொல்லி, செங்கலுக்கு மஞ்சள் குங்குமம் வைப்பது வரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. மந்திரம் கணீரென்று சொன்னார், அதைக் குறை சொல்ல மாட்டேன்.

அப்புறம் குழிக்குள் தண்ணீர் விட்டு பூ போட்டார்கள். பூ வலஞ்சுழியாகச் சுற்றினால் நல்லது, இடஞ்சுழியாகச் சுற்றினால் ஆகாது என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் செவ்வந்திப் பூ நிதானமாக இடஞ்சுழியாகச் சுற்றியது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. அம்மா முகம் வெளிறிவிட்டது. நிபுணர் கண்ணை மூடி, "இந்த மண்ணுல சல்லியம் இருக்கு" என்றார். பூமிக்குள் எலும்பு, முடி, கரி மாதிரி எதுவும் கிடந்தால் சல்லிய தோஷம் என்பார்கள். கூட வந்த பையன் குழிக்குள் கையை விட்டுத் துழாவினான். விரல் நீளத்துக்கு ஒரு எலும்பு வந்தது.

என் தாய்மாமா உட்பட அத்தனை பேரும் ஒரு எட்டு பின்னால் போனார்கள். அந்த நிமிடம் அங்கே நின்றிருந்தால் நீங்களும் போயிருப்பீர்கள்.

"பரிகாரம் உண்டும்மா, பயப்படாதீங்க. 21,000 ஆகும். இப்பவே செஞ்சா இதே முகூர்த்தத்துல தோஷம் கழிஞ்சிரும். இல்லன்னா மூடிட்டு மாசி 22-க்குத்தான் வரணும்." மணி பதினொன்றைத் தொட்டிருந்தது. மீதி இருந்தது பதினேழு நிமிடமோ என்னவோ. நாற்பது நாள் தள்ளிப் போட்டால் கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விடுவார், சிந்துபூந்துறை வாடகை வேறு ஓடிக்கொண்டிருக்கிறது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எய்யா, காசைப் பாக்காத" என்றாள். நான் பேரம் பேசி 15,000-க்குக் கொண்டுவந்தேன்; அதில் அப்போது ஒரு பெருமை வேறு! ஜிபேயில் அனுப்பியபோது வந்த பெயர் அவர் பெயரும் இல்லை, ஏதோ ஒரு மொபைல் கடைப் பெயர். அதையும் பார்த்துக்கொண்டேதான் பட்டனை அழுத்தினேன். கூடவே "அசல் நவரத்தினம், ஐம்பொன்" என்று இரண்டு செட் 4,500. ஒன்று குழிக்கு, இன்னொன்று நிலை வைக்கும்போது நிலைக்கு அடியில் போட. வீட்டுக்குப் போய் 48 நாள் பூஜை செய்து பிரசாதம் கூரியரில் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார். பாக்கி 8,000-ஐக் கையில் வாங்கிக்கொள்ள மறக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து என் மனைவி போனில் எடுத்த போட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பையன் எலும்பைத் தூக்கிக் காட்டுகிற போட்டோவை விரலால் பெரிதாக்கி என்னிடம் நீட்டினாள். எங்கள் மனை செம்மண்ணும் சரளும் கலந்தது. அந்த மண் பட்டால் எதுவும் தப்பாது. அன்றைக்கு நான் கட்டியிருந்த வேட்டியின் ஓரம் எட்டுத் தடவை துவைத்தும் இன்னும் சிவப்பு. வெள்ள மழை குடித்த ஈரம் வேறு காயவில்லை. அந்தப் பையனின் முழங்கை வரை சேறு. எலும்பு மட்டும் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது. அதன் கண்ணறைகளில்கூட ஒரு துளி சிவப்பு இல்லை.

அண்ணாச்சியிடம் காட்டினேன். "எனக்கு அப்பவே தெரியும் தம்பி. குழி எடுத்தது நான்லா? அடிக்கு ஒரு தடவை மண்ண அள்ளிப் பாத்துத்தான் போட்டேன். நல்ல காரியத்துல வாய வச்சா, கொத்தனார் அபசகுனமாப் பேசிட்டாம்பாக. அதான் பேசாம நின்னேன்."

சரி, பூ? பூ எப்படி இடஞ்சுழியாகச் சுற்றியது? அதற்கும் விடை கிடைத்தது, பெயின்ட் வாளியில். வாளியில் பாதி தண்ணீர் வைத்து, ஒரு பூவைப் போட்டு, சொம்பிலிருந்து ஊற்றிப் பார்த்தோம். உங்களுக்கு வலது கைப் பக்கத்து விளிம்பை ஒட்டி, முன்னால் தள்ளி ஊற்றினால் பூ இடஞ்சுழியாகச் சுற்றும். இடது பக்க விளிம்பில் அதே மாதிரி ஊற்றினால் வலஞ்சுழி. நடுவில் நேராக விட்டால் பூ சும்மா தத்தளிக்கும். இருபது தடவைக்கு மேல் செய்து பார்த்தோம். பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. பூஜை வீடியோவில் அவர் குடத்தை வலது விளிம்பில் சாய்க்கிறார். அந்தச் சடங்கில் நம்பிக்கை உள்ளவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: குடத்தை உங்கள் வீட்டுப் பெண்கள் கையில் கொடுங்கள், வந்தவர் கையில் கொடுக்காதீர்கள். எங்கள் ஆச்சி காலத்தில் வீட்டு மூத்த சுமங்கலிதான் தண்ணீர் விடுவாள்.

இரண்டாவது நவரத்தின செட்டை அத்தானிடம் கொடுத்தேன். அவர் டவுனில் நகைக்கடையில் வேலை பார்க்கிறார். அட்டையில் ஒன்பது குழி, குழிக்கு ஒரு கல், மேலே பிளாஸ்டிக் தாள். லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "பவளம்னு இருக்கிறது பிளாஸ்டிக், மத்ததெல்லாம் கலர் கண்ணாடி. இதே அட்டையை நம்ம ரத வீதியில 150 ரூபாய்க்குத் தருவான்" என்றார். மறுநாள் ஒன்று வாங்கியே வந்துவிட்டார். அட்டையில் இருந்த லட்சுமி படம் வரை அதேதான். பூஜைச் சாமான் கடைக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன், அவர் 150-க்கு அதை அசல் என்று சொல்லி விற்கவில்லை.

பிரசாதம் வரவில்லை. 48 நாள் கழித்துக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மெசேஜ் போட்டேன், ஒரு டிக்கோடு நின்றது.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டு விவரம் சொன்னேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நாமே மனு கொடுக்கலாம். நாம் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் காகிதம் வேண்டும் அல்லவா? என்னிடம் இருப்பது ஜிபே விவரமும், "சகல சாமான்களுடன்" என்று அவர் அனுப்பிய விளம்பரமும், அந்த எலும்பு போட்டோவும். கையில் கொடுத்த 8,000-க்குத் துண்டுச் சீட்டுகூட இல்லை. அதனால் யாரைக் கூப்பிட்டாலும் மொத்தத் தொகையையும், என்னென்ன அதில் அடக்கம் என்பதையும் வாட்ஸப்பில் எழுதி வாங்குங்கள். "பரிகாரம் என்று எது வந்தாலும் அன்றைக்கே செய்ய மாட்டோம், பிறகு பேசுவோம்" என்று முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டதும் பாதிப் பேர் தேதி இல்லை என்பார்கள்.

மண் நல்லதா என்று பார்க்க எலும்பு தேட வேண்டாம். குழி தோண்டி, எடுத்த மண்ணை அதே குழியில் திரும்பப் போடு. மண் மிஞ்சினால் உத்தமம், சரியாக இருந்தால் மத்திமம், குறைந்தால் ஆகாது என்று மனையடி சாஸ்திரமே சொல்கிறது. அண்ணாச்சி எங்கள் மனையில் செய்து பார்த்தார், இரண்டு சட்டி மண் மிஞ்சியது. இன்ஜினீயரும் வந்து பார்த்துவிட்டு, நாலடியில் கெட்டித் தரை கிடைக்கும் என்றார். கிடைத்தது.

நிலை வைத்த அன்று அடியில் போட்டது அம்மாவின் மூக்குத்திப் பொட்டும் ஒரு வெள்ளிக் காசும். பால் காய்ச்சிக் குடிவந்து மாதங்கள் ஆகின்றன. இதைப் படிக்கிற சொந்தக்காரர்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள்: எலும்பு விஷயத்தை அம்மாவிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள். தோஷம் கழித்த வீடு என்று சொல்லிச் சொல்லித்தான் மழை நாளில்கூட நிம்மதியாகத் தூங்குகிறாள்.