சிறுநீர்க் கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை, பிறகு எதற்கு அடுத்த ஆன்டிபயாடிக்?

நீர்க்கடுப்பு என்று போனால் ஐந்து நாள் ஆன்டிபயாடிக். அடுத்த மாதம் வலி திரும்பினால் வேறு பெயரில் இன்னொன்று. இப்படியே வருடக்கணக்கில் அலைய விடப்பட்டவர்களின் ஃபைலைப் பிரித்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். லேப் ரிப்போர்ட்டில் ‘பஸ் செல்ஸ் 2–4’ (சீழ் செல்கள்), கீழே ‘கல்ச்சர்: நோ க்ரோத்’, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில் எதுவும் வளரவில்லை. அதோடு சேர்த்துப் பின் அடித்த சீட்டில் சிப்ரோஃப்ளாக்சசின் 500, காலை ஒன்று, இரவு ஒன்று. கிருமி இல்லை என்று லேப் சொன்ன பிறகும் கிருமிக்கு மருந்து! மற்ற ஃபைல்களில் கல்ச்சரே இருக்காது.

இன்டர்ஸ்டீஷியல் சிஸ்டைடிஸ் என்ற சிறுநீர்ப்பை வலி நோய் இப்படித்தான் தவறவிடப்படுகிறது. நீர் சேரச் சேர அடிவயிற்றில் வலியோ அழுத்தமோ ஏறும், கழித்ததும் இறங்கும், கொஞ்ச நேரத்தில் மறுபடி ஏறும். இது ஆறு வாரத்துக்கு மேல் நீடித்து, கிருமியும் இல்லையென்றால் இந்த நோயைச் சந்தேகிக்க வேண்டும். பொதுவாகக் காய்ச்சல் இருக்காது. இரவிலும் பல முறை எழுப்பும். கசிந்துவிடுமோ என்று ஓடுகிறீர்களா, வலி தாங்காமல் ஓடுகிறீர்களா? இந்த ஒரு கேள்வியை யாரும் கேட்காததால் வலிக்காக ஓடும் பலருக்குக் கசிவு நோய்க்கான மாத்திரை போகிறது. ஆண்களுக்கு ‘பிராஸ்டேட்’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள்.

“மாத்திரை போட்டதும் குறைந்ததே” என்பார்கள். இந்த வலி தானாகவே ஏறி இறங்கக்கூடியது. மாத்திரையோடு நிறையத் தண்ணீரும் குடிப்பதால் சிறுநீர் நீர்த்து எரிச்சல் தணியும். பெயர் மாத்திரைக்குப் போகும்.

சூடு என்று நினைத்து எலுமிச்சை ஜூஸ் குடிப்பது பலருக்கு வலியைக் கூட்டும். மருந்துக்கடையில் கொடுக்கும் கிரான்பெர்ரி சாஷேயும் அப்படியே, புளிப்புதான் காரணம். காபி, தக்காளி, மிளகாய், சோடா எல்லாவற்றையும் நிரந்தரமாக விட்டுவிடாமல், சில நாள் மட்டும் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். எது உங்களைத் தாக்குகிறது என்று அப்போதுதான் தெரியும்.

கல்ச்சர் கொடுப்பது ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பு. கழுவிவிட்டு, முதலில் வரும் நீரை விட்டு, நடுவில் வருவதைப் பிடியுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் லேபில் சேர வேண்டும், முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். ரிப்போர்ட்டில் எபிதீலியல் செல்கள் (தோல் பகுதிச் செல்கள்) நிறைய இருந்தால், பிடித்த நீர் தோலில் பட்டிருக்கிறது என்று அர்த்தம், திரும்பக் கொடுங்கள். கூடவே மூன்று நாள், ஒவ்வொரு முறை கழிக்கும் நீரையும் அளவுக் கப்பில் பிடித்து, நேரத்தையும் மில்லியையும் எழுதி எடுத்துப் போங்கள். ராப்பகலாக 80, 100 மில்லி என்றே பதிந்திருக்கும் அந்தத் தாளைப் பார்த்த பிறகு “டென்ஷன்தான்” என்று எந்த யூராலஜிஸ்டும் சுலபமாக அனுப்பிவிட முடியாது.

சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் காத்திருக்காதீர்கள், சிஸ்டோஸ்கோப்பி (சிறுநீர்ப்பைக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) பார்த்துப் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். கிருமி வளராமல் பஸ் செல்கள் மட்டும் தொடர்ந்து அதிகமாக இருந்தால் டிபி பரிசோதனை கேளுங்கள். நம் ஊரில் இதை விடவே கூடாது. இந்த வலி நோய் உள்ள சிலருக்கு சிஸ்டோஸ்கோப்பியில் ஹன்னர் புண் என்ற சிறுநீர்ப்பைச் சுவர்ப் புண் தெரியும். அதைக் கரித்துவிட்டால் வலி நன்றாகவே குறையும்.

பணம் அதிகம் போகும் இடம் டைலேஷன். ‘துவாரம் சுருங்கியிருக்கிறது’ என்று சொல்லி நீர் வரும் பாதையை மாதாமாதம் விரிப்பார்கள். நீர் ஓட்டத்தின் வேகத்தையும், கழித்த பின் பையில் மிச்சம் எவ்வளவு என்பதையும் அளக்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். நீரை அடக்குவதுபோல் தசையை இறுக்கும் கெகல் பயிற்சி சொல்லிக்கொடுத்தாலும் வேண்டாம். ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் இடுப்புத்தளத் தசையை அது இன்னும் இறுக்கும். தளர்த்தும் ஃபிசியோதெரபிதான் தேவை.

இந்த நோய்க்குக் கொடுக்கும் பென்டோசான் கேப்ஸ்யூல் எழுதினால் கண் டாக்டரிடம் விழித்திரையைக் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். நீண்ட நாள் எடுத்தவர்களுக்கு விழித்திரை பாதிப்பு வந்ததால் அமெரிக்காவில் 2020-ல் மருந்துக் குறிப்பிலேயே எச்சரிக்கை சேர்த்தார்கள். இங்கே சீட்டு எழுதும்போது இதைச் சொல்பவர்கள் குறைவு.