சோலை நிழலில் எது கைகொடுக்கும்: ரா கோப்பா, ஜேபெக்கா?

கோத்தகிரி லாங்வுட் சோலைக்குக் கேமராவோடு வருகிறவர்கள் ஓயாமல் வாதாடும் விஷயம் இது. ரா என்பது கேமரா பதிந்த ஒளித் தகவலை ஏறக்குறைய அப்படியே வைத்திருக்கும் கோப்பு; ஜேபெக் என்பது கேமராவே திருத்திச் சுருக்கித் தரும் படம். நான் ஜேபெக்கை விட்டு ராவுக்கு மாறிவிட்டவன். ஆகவே நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

ஜேபெக்கின் நன்மைகள் ஊரறிந்தவை. கோப்பு சிறியது, கார்டு சீக்கிரம் நிரம்பாது, எடுத்த கையோடு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம். ரா கோப்பு இரண்டு மூன்று மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும், கணினியில் உட்கார்ந்து திருத்தாவிட்டால் வெளிறிய முகத்தோடு கிடக்கும். சட்டகம் அமைப்பது இரண்டுக்கும் பொது: தாழ்வாக அமரும் பறவைக்கு நாமும் தரையில் உட்கார வேண்டும், அது பார்க்கும் பக்கம் இடம் விட வேண்டும். அதைக் கோட்டைவிட்டால் எந்தக் கோப்பும் காப்பாற்றாது.

என் தீர்ப்பை எழுதியது கறுப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான்தான். ஆண் பறவைக்குத் தலையும் இறக்கையும் கன்னங்கறுப்பு, மார்பும் முதுகும் ஆரஞ்சு. வெயில் பக்கம் தலைகாட்டாமல் புதருக்கடியிலேயே திரியும். கேமராவின் ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்றினாலும் ஷட்டர் வேகம் போதாமல் தவிக்க வேண்டியிருக்கும். கறுப்புத் தலையில் கண் தெரியட்டும் என்று ஒளியைக் கூட்டினால், மார்பு இறகுகளின் நுண்வரிகள் அழிந்து பெயின்ட் பூசியதுபோல் ஆகிவிடும். ஆரஞ்சைக் காக்கக் குறைத்தால் கண்ணும் தலையும் ஒன்றாகிவிடும். இதில் ஏமாற்றுவது மொத்த ஒளிக்கான ஹிஸ்டோகிராம், அதாவது படத்தின் இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடம். அது ஒழுங்காகத் தோன்றும்போதே சிவப்புக்கான வரைபடம் வலது ஓரத்தில் முட்டி, ஆரஞ்சில் விவரம் அழியத் தொடங்கியிருக்கும். அதைத் தனியே பார்க்க வேண்டும்.

ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். 14 பிட் ராவில் 16,384. எனவே சிவப்பு முட்டாத அளவுக்குக் குறைத்து எடுத்துவிட்டு, தலைப் பகுதியின் நிழலை மட்டும் பிறகு உயர்த்துகிறேன். அப்போது மணல் தூவியதுபோல் புள்ளிகள் எழும்தான், ஆனால் அவற்றை நீக்கும் மென்பொருள்கள் ராவில் செய்யும் வேலை ஜேபெக்கில் செய்வதைவிடப் பலமடங்கு சுத்தம். இன்னொன்று: கேமராத் திரையில் தெரியும் ஹிஸ்டோகிராம், ராவில் எடுத்தாலும், ஜேபெக் முன்னோட்டத்திலிருந்து வருவது. அதில் லேசாக முட்டினாலும் கோப்பில் பெரும்பாலும் விவரம் மிச்சமிருக்கும்.

நிறமும் அப்படியே. இலைகளின் ஊடே இறங்கும் பச்சை வெளிச்சம் ஆரஞ்சை மங்கிய பழுப்பாக்கிவிடும். வெளிச்சத்தின் நிறச்சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்சை ராவில் பிறகு மாற்றலாம். ஜேபெக்கில் அது ஏற்கெனவே உறைந்துவிட்டது.

தொட்டபெட்டா பக்கம் மூடுபனியில் வித்தியாசம் இவ்வளவு இல்லை. வெண்மையைக் கண்டு கேமரா ஒளியைக் குறைத்துவிடும். அங்கேயே ஒரு ஸ்டாப் கூட்டி ஒளியை இருமடங்காக்கிவிட்டால் ஜேபெக்கும் நன்றாகவே வரும். பறக்கும் பறவைகளை நான் அதிகம் எடுப்பதில்லை. நிற்காமல் ஷட்டரை அழுத்துகிறவர்களுக்கு, கேமராவைச் சீக்கிரம் திணறவைக்காத ஜேபெக்கே வசதியாக இருக்கலாம்.

ராவே வேண்டாம் என்பவர்கள் சோலைக்குள் நுழையுமுன் நிறச்செறிவையும் கான்ட்ராஸ்ட்டையும் குறைத்து, தரத்தை உச்சத்தில் வைத்து, ஒளியளவை மூன்றில் இரண்டு ஸ்டாப் இறக்கிக்கொள்ளுங்கள். பெண் பறவையின் தலை பழுப்பு. அதற்கு அந்த அளவே தாராளம்.