மீன்பெட்டிக்காரர் செய்துகொடுத்த ஏசி

ஏப்ரல் மாதம், காலை பதினொரு மணி, வெளியே 38 டிகிரி. வெயிலில் பூட்டிக் கிடந்த செஸ்னா 172 என்ற நாலு இருக்கைச் சிறு விமானத்தின் கதவைத் திறந்து, கருவிப் பலகையில் நான் ஒட்டிவைத்திருந்த வெப்பமானியைப் பார்த்தேன்: 56. இருக்கை பெல்ட்டின் கொக்கியைத் தொட்ட மாணவர் கையை உதறிக்கொண்டு பின்வாங்கினார். அன்று மாலையே கொழிஞ்சாம்பாறைக்கு வண்டியை விட்டேன்.

எனக்கு வீடு சித்தூர்த் தாலுகாவில். வேலை, எல்லை தாண்டிக் கோவைப் பக்கம், விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மார்கழியில் சுகம், பங்குனியில் அடுப்பு. எங்கள் 172-இல் ஏசி கிடையாது. முன்கண்ணாடியின் இரண்டு மேல்மூலைகளிலும் இழுத்துத் திறக்கும் காற்றுக் குழாய்கள் உண்டு. பறக்கும்போது அவற்றில் காற்று பிய்த்துக்கொண்டு வரும். ஓடுபாதைக்கு வெளியே அனுமதிக்காகக் காத்து நிற்கும்போது, கொதிக்கிற பாலில் ஊதுவது போலத்தான்.

கொழிஞ்சாம்பாறையில் ஒரு பட்டறைக்காரர் மீன் வியாபாரிகளுக்குப் பெட்டி செய்கிறார். தடித்த பிளாஸ்டிக், நடுவில் தெர்மாகோல், 25 லிட்டர் கொள்ளளவு. என் பெட்டியின் மூடியில் ஒரு சின்ன விசிறியும் எதிர்மூலையில் ஒரு வளைகுழாயும் பொருத்தச் சொன்னேன். விசிறி காற்றை உள்ளே தள்ளும். அது ஐஸைத் தடவிக்கொண்டு குழாய் வழியே வெளியேறும். "எத்தனை கிலோ மீன் வைப்பீர்கள் அண்ணா?" என்று கேட்டார். மீன் இல்லை, இரண்டு ஆட்கள் என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. 6,500 ரூபாய். நான்கு நாளில் கொடுத்துவிட்டார், வேலையும் சுத்தம்.

எவ்வளவு குளிரும் என்பதை வாங்கும் முன்பே கணக்குப் போட்டிருக்க வேண்டும். ஏசி கடையில் 'ஒரு டன்' என்கிறார்களே, அது ஐஸ் கணக்கில் வந்ததுதான்: 2,000 பவுண்டு ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ, அவ்வளவு. அதன்படி என் பெட்டியில் போடும் 10 கிலோ ஐஸ் ஒரு மணி நேரத்தில் உருகினால், அது ஏறத்தாழ கால் டன் ஏசி. வீட்டுப் படுக்கையறைக்கே ஒரு டன் போதவில்லை என்கிறோம். சுற்றிலும் கண்ணாடி வைத்த தகரக் கூட்டுக்குக் கால் டன் எம்மாத்திரம்?

ஆனாலும் பொய் சொல்லக் கூடாது. குழாய் வாயில் 15 டிகிரி வருகிறது. அதைக் கழுத்துக்கு நேராகத் திருப்பி வைத்தால், எஞ்சினை ஓடவிட்டு நிற்கும் அந்தப் பத்துப் பதினைந்து நிமிடம் உயிர் திரும்பி வரும். வியர்வை கண்ணில் இறங்காததால் மாணவர் சரிபார்ப்புப் பட்டியலை வரி விடாமல் படிக்கிறார். எனக்கு அதுவே பெரிது. கேபின் முழுதும் குளிரும் என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

இனி பெட்டியில் நான் கண்ட குறைகள். விசிறி 12 வோல்ட். எங்கள் விமானத்தின் மின்சுற்று 28. நேராகச் செருகினால் விசிறி புகைந்துவிடும் என்பதால் தனி பேட்டரி வாங்கினேன். அடுத்தது, நான் கொஞ்சமும் எதிர்பாராதது. பெட்டியை முன்னால் கால் பக்கம் வைத்து விசிறியைப் போட்டதும் திசைகாட்டி இருபது டிகிரி நகர்ந்து நின்றது. மோட்டாரில் மின்சாரம் ஓடும்போது அதுவும் ஒரு காந்தம்தான்! நிறுத்தினேன், முள் திரும்பியது. போட்டேன், மறுபடி போனது. அன்று முதல் பெட்டி பின் இருக்கையில்தான், பெல்ட் போட்டு, பயணியைப் போல.

எடையும் இருக்கிறது. ஐஸ், பெட்டி, பேட்டரி எல்லாம் சேர்த்து 16 கிலோ. 22 லிட்டர் பெட்ரோலின் எடை அது, அரை மணி நேரத்துக்கு மேல் பறக்கலாம். 1,300 அடி உயரத்தில் உள்ள ஓடுபாதை, 38 டிகிரி வெயிலில் விமானத்துக்கு 4,400 அடி உயரம் போலத் தெரியும். காற்று மெலிந்து ஏறவே திணறுகிற நேரத்தில் 16 கிலோ சும்மா வருவதில்லை. இரண்டே இருக்கை உள்ள செஸ்னா 152 வைத்திருப்பவர்கள் இந்தப் பெட்டியை மறந்துவிடலாம். அதில் இரண்டு பேர் உட்காருவதே பெரிய பாடு. உருகிய தண்ணீர் வேறு. இரண்டாம் நாள் ஒரு சரிவான திருப்பத்தில் மூடியிடுக்கில் கசிந்து தரைவிரிப்பை நனைத்தது. ஐஸ் மீன் சந்தைப் பக்கத்தில் வாங்கியது. மூவாயிரம் அடியில் மத்தி வாசனை எப்படி இருக்கும் என்பது இப்போது எனக்குத் தெரியும்.

தண்ணீர்த் தொல்லை இருக்காது, உலர்பனி போடலாமே என்றார் ஒரு மாணவர். கூடவே கூடாது. அது கரியமில வாயுவாகத்தான் ஆவியாகும். அடைத்த கேபினில் விமானி தூங்கிப்போவதற்கு அதைவிடச் சுலபமான வழி இல்லை.

உண்மையில் என் கேபினைக் குளிர்வித்தது இந்தப் பெட்டி இல்லை, லாரித் தார்ப்பாய் தைக்கும் ஒரு தையற்காரர். வெளியிலிருந்து கண்ணாடிகளை மூடும் உறை, வெளிப்பக்கம் வெள்ளை, உட்பக்கம் மெத்தென்ற துணி. காரில் போல உள்ளே வெள்ளித் தகடு வைக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். வைத்தால் வெப்பம் தகட்டுக்கும் கண்ணாடிக்கும் இடையில் சிக்கிக்கொள்ளும். இந்த மாதிரிச் சிறு விமானத்தின் கண்ணாடி கண்ணாடியே அல்ல, அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்; நாளடைவில் அதில் நுண்விரிசல் விழும். வெளியுறைக்கும் ஒரு சங்கடம் உண்டு: கணவாய்க் காற்றில் துணி படபடத்தால், இடையில் புகுந்த மணல் கண்ணாடியைக் கீறிவிடும். அதனால் வயிற்றுக்கு அடியில் இழுத்துக் கட்ட மூன்று பட்டை வைக்கச் சொன்னேன். போடும் முன் தண்ணீர் ஊற்றி வெறும் கையால் தடவி மணலைக் கழுவிவிடுகிறேன். அதே நேரம், அதே வெயில், உறை போட்ட பிறகு உள்ளே 43.

இன்னொன்று செலவே இல்லாதது. முன்கண்ணாடியின் இடப்பக்கக் காற்றுக் குழாயில் காற்று வரவில்லை என்று இரண்டு மாதமாக முனகிக்கொண்டிருந்தேன். பொறியாளர் கம்பி விட்டுப் பார்த்ததில் உள்ளே குளவி மண்கூடு கட்டியிருந்தது, நெல்லிக்காய் அளவு. எடுத்த மறுநாள் ஐந்தாயிரம் அடிக்கு ஏறினோம். ஆயிரம் அடிக்கு இரண்டு டிகிரி வீதம் வெளிக்காற்று குளிர்ந்துகொண்டே வந்தது. பெட்டியை நிறுத்தச் சொன்னார் மாணவர், இரைச்சலாக இருக்கிறதாம்.

ஆக, பெட்டிக்கு ஐந்தில் இரண்டரை, உறைக்கு நாலரை. தரையில் நெடுநேரம் காத்து நிற்க வேண்டிய இடத்தில் பறப்பவர் என்றால் பெட்டியும் வாங்குங்கள். ஆனால் உங்கள் பராமரிப்புப் பொறியாளரிடம் காட்டாமல் ஏற்றாதீர்கள். செய்யச் சொல்லும்போதே மூடிக்கு ரப்பர் விளிம்பும் அடியில் ஒரு திருகு குழாயும் கேளுங்கள். எனக்கு அவற்றைப் பின்னாளில் பொருத்தியதற்குப் பட்டறைக்காரர் 300 ரூபாய் தனியாக வாங்கினார். ஐஸை இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்களில் வீட்டிலேயே உறையவைத்துக்கொள்ளுங்கள், சிந்தவும் சிந்தாது, மத்தியும் மணக்காது.