பிப்பிலிருந்து யூவிக்கு: வேகம் பழகிப்போன பிறகு

பைதானில் நிரல் எழுதுவது சுலபம். அதை இன்னொருவர் கணினியில் ஓடவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இதற்கு மருந்தாக, நிரலுக்கு வேண்டிய பேக்கேஜ்களை (பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்புகளை) நிறுவவும் பிரித்துவைக்கவும் உதவும் கருவிகள் விர்ச்சுவல்என்வ், பிப், கோண்டா, பிப்என்வ், பொயட்ரி என்று வரிசையாக வந்தன. ஒவ்வொன்றும் ஒரு ஓட்டையை அடைத்துவிட்டு வேறொரு ஓட்டையைக் காட்டியது. அதனால் 2024 பிப்ரவரியில் ஆஸ்ட்ரல் நிறுவனம் அதே வேலைக்கு யூவி (uv) என்ற கருவியை வெளியிட்டபோது எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. ரஃப் என்ற பைதான் நிரல் சரிபார்ப்பானைச் செய்த அதே ஆட்கள், ரஸ்ட் மொழியில் எழுதியிருக்கிறார்கள், வேகம் அசாத்தியம் என்றார்கள். சரி, இன்னொன்று என்று விட்டுவிட்டேன். அப்போது அது பெரும்பாலும் பிப்பின் வேலையைத்தான் செய்தது. அந்த ஆகஸ்டில் பைதானையே நிறுவித் தருவது, புராஜெக்டைப் பராமரிப்பது, தனி ஸ்கிரிப்டை ஓட்டுவது எல்லாம் சேர்ந்த பிறகுதான் கையில் எடுத்தேன். இப்போது அலுவலக வேலை, சொந்த வேலை இரண்டும் இதில்தான் ஓடுகின்றன.

வேகத்தைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள், சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். பிப்பை விட 10 முதல் 100 மடங்கு வேகம் என்பது அவர்கள் கணக்கு. ஒரு பேக்கேஜை முதன்முறை இறக்கும்போது உங்கள் இன்டர்நெட் எவ்வளவோ அவ்வளவுதான், அதில் மாயம் எதுவும் இல்லை. ஒருமுறை இறங்கியது கேஷில், அதாவது உங்கள் டிஸ்க்கிலேயே யூவி வைத்திருக்கும் சேமிப்பில், தங்கிவிடும். அடுத்த புராஜெக்டுக்கு அதே பேக்கேஜ் தேவைப்பட்டால் காப்பி எடுக்காமல் ஹார்ட் லிங்க் (அதே ஃபைலுக்கு இன்னொரு பெயர்) போன்ற வழியில் இணைத்துக்கொள்கிறது. அங்கேதான் கண்மூடித் திறப்பதற்குள் வேலை முடிகிறது. ஒரு மாதத்தில் இது பழகிவிடும், கவனத்திலேயே இருக்காது. விர்ச்சுவல் என்விரான்மென்ட் (ஒரு புராஜெக்டின் பேக்கேஜ்களைத் தனியாக வைக்கும் ஃபோல்டர்) கெட்டுப்போனால் யோசிக்காமல் அழித்துவிட்டு மறுபடி உருவாக்குகிற துணிச்சல் மட்டும் தங்கும்.

எனக்கு உண்மையில் பிடித்துப்போனது வேறு இரண்டு விஷயங்கள்.

முதலாவது, பழைய புராஜெக்டை எழுப்புவது. 2021-ல் எழுதி அப்படியே கிடந்த ஒரு சின்ன வெப் ஆப்பை மறுபடி ஓட்டவேண்டி வந்தது. தேவையான பேக்கேஜ்களைப் பட்டியலிடும் ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைலில், வெப் ஆப் எழுதப் பயன்படும் ஃப்ளாஸ்க் 2.0.2 என்று வெர்ஷனோடு இருந்தது, ஆனால் ஃப்ளாஸ்க் சார்ந்திருக்கும் வெர்க்ஸாய்க் பற்றி ஒரு வரியும் இல்லை. இன்று பிப்பில் நிறுவினால் வெர்க்ஸாய்க் 3 வந்து உட்காரும். அதில் பழைய ஃப்ளாஸ்க் தேடும் ‘யூஆர்எல் குவோட்’ (url_quote) என்ற ஃபங்ஷன் கிடையாது, ஆப் தொடங்கும்போதே விழுந்துவிடும். இந்த எர்ரரைப் பார்க்காத ஃப்ளாஸ்க்காரர் குறைவு. யூவியில் ‘எக்ஸ்க்ளூட் நியூவர்’ என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறது. ஒரு தேதியைக் கொடுத்தால், அதற்குப் பிறகு வெளியான எதையும் கணக்கில் எடுக்காது. கடைசி கமிட்டின் (நிரலில் கடைசியாகப் பதிந்த மாற்றத்தின்) தேதியைப் பார்த்து அதையே கொடுத்தேன், பைதான் 3.8 வேண்டும் என்றும் சொன்னேன். அந்தப் பைதானை அதுவே இறக்கிக்கொண்டு, அந்த நாளில் எது புதிதாக இருந்ததோ அதையெல்லாம் சேர்த்து ஆப்பை எழுப்பிவிட்டது. ஒரே நிபந்தனை, பேக்கேஜ் எப்போது ஏற்றப்பட்டது என்ற விவரத்தைத் தரும் சர்வராக இருக்கவேண்டும். பைதான் பேக்கேஜ்களின் பொதுக் களஞ்சியமான பைப்பிஐ தருகிறது, அலுவலகங்கள் உள்ளே வைத்திருக்கும் அதன் நகல்களில் (மிரர்களில்) சில தருவதில்லை.

இரண்டாவது, ஒரே ஃபைல் ஸ்கிரிப்ட். பைதானின் பெப் 723 என்ற தரத்தின்படி, ஸ்கிரிப்டின் தலையிலேயே கமென்டாக ‘இதற்கு ஓப்பன்பைஎக்ஸெல் வேண்டும், பைதான் 3.11-க்கு மேல் வேண்டும்’ என்று எழுதிவைக்கலாம் (ஓப்பன்பைஎக்ஸெல் என்பது எக்ஸெல் ஃபைல்களைக் கையாளும் பேக்கேஜ்). யூவி ரன் என்று ஓட்டினால் அதைப் படித்து, தனியாக ஒரு என்விரான்மென்ட் அமைத்து ஓட்டிவிடும். கணக்குப் பிரிவில் இருக்கும் நண்பர் ஒருவருக்கு எக்ஸெல் ஷீட்டுகளைச் சேர்க்கும் ஸ்கிரிப்டை இப்படித்தான் அனுப்பினேன். அவர் கணினியில் பைதானே இல்லை. யூவியை நிறுவ அட்மின் அனுமதியும் தேவைப்படவில்லை, யூசர் ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ‘பிப் இன்ஸ்டால் பண்ணுங்க, இல்லண்ணே, அந்த விண்டோவை மூடிட்டு மறுபடி திறங்க’ என்ற தொலைபேசி உரையாடல் இல்லாமல் போனதே பெரிய நிம்மதி.

வெர்ஷன்கள் ஒத்துப்போகாதபோது அது சொல்லும் விளக்கமும் நன்றாக இருக்கும். டார்ட் மொழிக்காக உருவான பப்கிரப் என்ற முறையை உள்ளே பயன்படுத்துகிறார்கள். ‘இந்தப் பேக்கேஜுக்கு நம்பை 2-க்குக் கீழே வேண்டும், உங்கள் புராஜெக்ட் நம்பை 2 கேட்கிறது, ஆகவே இரண்டும் சேராது’ என்று காரணத்தை வரிசையாக அடுக்கும் (நம்பை, அதாவது NumPy, எண் கணக்குகளுக்கான பேக்கேஜ்). பிப் இந்த இடத்தில் பழைய வெர்ஷன்களை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும், நாம் திரையைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஆனால் யூவி உங்கள் கணினிக்கு மட்டும் கணக்குப் போடுவதில்லை. புராஜெக்டில் ‘பைதான் 3.8-க்கு மேல்’ என்று எழுதியிருந்தால், நீங்கள் ஓட்டுவது 3.12 ஆனாலும், 3.8-க்கும் விடை கிடைக்கவேண்டும் என்று அடம்பிடிக்கும். எர்ரர் புரியாமல் என்னிடம் வரும் ஜூனியர்களில் பாதிப் பேருக்கு அந்த ஒரு வரியைத் திருத்தினாலே சரியாகிவிடுகிறது.

இனி குறைகள்.

யூவி உருவாக்கும் என்விரான்மென்டுக்குள் பிப் இருக்காது, தனியாகக் கேட்டால்தான் வைக்கும். பழக்க தோஷத்தில் பிப் என்று அடித்தால் சிஸ்டத்தின் பிப் போய் நிற்கும். டெபியன் 12, புதிய உபுண்டு போன்றவற்றில் அது ‘இந்த என்விரான்மென்ட் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது’ என்று கதவைச் சாத்திவிடும். புதிதாக வருபவர்களுக்கு இந்தச் செய்தி எங்கிருந்து வருகிறது என்றே புரியாது. இதை அதன் ஆவணங்களில் முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கலாம்.

நிரலை அதன் சூழலோடு சேர்த்து ‘கன்டெய்னர்’ என்ற பெட்டியாகக் கட்டி ஓட்டும் டாக்கரில் சில நுணுக்கங்கள் உண்டு. கேஷும் என்விரான்மென்டும் வெவ்வேறு ஃபைல் சிஸ்டத்தில் இருந்தால் ஹார்ட் லிங்க் போடமுடியாது, எச்சரிக்கை காட்டிவிட்டுக் காப்பி எடுக்கும். லிங்க் மோடை காப்பி என்று வைத்துவிட்டால் சத்தம் அடங்கும். பிப்பைப் போல நிறுவும்போதே பைட்கோடாக (பைதான் நேரடியாக ஓட்டும் வடிவமாக) மாற்றுவதும் இல்லை. கன்டெய்னர் முதல்முறை எழும்போது அந்த நேரம் போகும். அதற்கும் ஒரு செட்டிங் இருக்கிறது, புரொடக்‌ஷனுக்குப் போகும் இமேஜ் என்றால் போட்டுவிடுங்கள்.

அலுவலக நெட்வொர்க் வேறு கதை. எங்கள் பிராக்ஸி (இன்டர்நெட்டுக்கு நடுவில் நிற்கும் அலுவலக சர்வர்) தன் சொந்தப் பாதுகாப்புச் சான்றிதழை நடுவில் நுழைக்கும். யூவி தன்னோடு கொண்டுவந்த சான்றிதழ்ப் பட்டியலையே நம்பியதால் எதுவும் இறங்கவில்லை. சிஸ்டத்தின் சான்றிதழ்களைப் பார்க்கச் சொல்லி ஆப்ஷன் கொடுத்தபின்தான் வழிக்கு வந்தது. டிஸ்க்கும் கரையும். மெஷின் லேர்னிங்குக்கான பைடார்ச் போன்ற கனமான பேக்கேஜ்களைத் தொடுபவர்கள் அவ்வப்போது கேஷைச் சுத்தம் செய்யாவிட்டால் லேப்டாப் நிறைந்துவிடும்.

சி நிரலைக் கம்பைல் செய்யவேண்டிய பேக்கேஜ் என்றால் யூவியும் கைவிரித்துவிடும். மைசீக்வெல் டேட்டாபேஸோடு பேசும் மைசீக்வெல்கிளையன்ட் நிறுவ லினக்ஸில் அதற்கான ஹெடர் ஃபைல்கள் இல்லையென்றால் பிப்பில் வந்த அதே நீண்ட எர்ரர்தான் இங்கும், கொஞ்சம் சீக்கிரமாக வரும். ஜிடால் போன்ற வரைபட நூலகங்கள் இருக்கும் புராஜெக்டை நான் இன்னும் கோண்டாவிலிருந்து நகர்த்தவில்லை, நகர்த்தும் எண்ணமும் இல்லை.

கற்றுக்கொள்ள அதன் அதிகாரபூர்வ ஆவணங்களே போதும். வழிகாட்டிகள் (கைட்ஸ்) ஒரு பக்கம், கருத்துருக்கள் (கான்செப்ட்ஸ்) ஒரு பக்கம் என்று பிரித்திருக்கிறார்கள். வழிகாட்டிகளில் புராஜெக்ட், ஸ்கிரிப்ட், டாக்கர் மூன்றையும் ஒரு மாலையில் படித்துவிடலாம். கருத்துருக்களில் ‘ரெசல்யூஷன்’ பக்கத்தை மட்டும் நிதானமாகப் படியுங்கள், மேலே சொன்ன 3.8 விவகாரம் அங்கேதான் விளங்கும். ஆனால் பைதானே புதிது என்பவருக்கு நான் முதல் நாளே யூவியைக் கையில் கொடுப்பதில்லை. ஒரு வாரம் வென்வ் (பைதானோடு வரும் விர்ச்சுவல் என்விரான்மென்ட் கருவி), பிப் இரண்டையும் கையால் செய்யட்டும். டாட் வென்வ் ஃபோல்டரைத் திறந்து, நிறுவிய பேக்கேஜ்கள் போய்ச் சேரும் சைட் பேக்கேஜஸில் என்ன கிடக்கிறது என்று பார்க்கட்டும். யூவி ரன் மட்டுமே தெரிந்து வளர்ந்தவர்கள், ‘மாட்யூல் இல்லை’ என்று வந்தால் எந்தப் பைதான் ஓடுகிறது என்று கேட்கத் தெரியாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

இது முதலீட்டாளர் பணத்தில் வளர்ந்த நிறுவனத்தின் கருவி, நாளை என்ன ஆகும் என்று டீமில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. எம்ஐடி, அப்பாச்சி 2.0 என்று இரண்டு உரிமங்களில் நிரல் திறந்தே இருக்கிறது. புராஜெக்ட் விவரங்கள் பைபுராஜெக்ட் ஃபைலில், எல்லாக் கருவிகளும் படிக்கும் பொதுவான வடிவில் இருக்கின்றன. எந்தப் பேக்கேஜின் எந்த வெர்ஷன் என்று பதிந்துவைக்கும் லாக் ஃபைல் மட்டும்தான் யூவிக்கே உரியது. அதனால் ஒவ்வொரு ரிலீஸிலும் யூவி எக்ஸ்போர்ட் ஓட்டி, பிப்புக்குப் புரியும் ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைல் ஒன்றையும் ரெப்போவில் சேர்த்துவிடுகிறோம்.