எடை வேறுபாடு என்ற பெயரில் பிடிக்கப்படும் பணம்: இணையத்தில் விற்கும் சிறு விற்பனையாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை

வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், சொந்த இணையக் கடை ஆகியவற்றின் வழியாகப் பொருள் விற்று, பல கூரியர் நிறுவனங்களை ஒரே இடத்தில் இணைத்துத் தரும் இடைத்தளங்கள் மூலம் பார்சல் அனுப்பி வருபவர்கள் அனைவரும் இதைப் பொறுமையாகப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கடந்த நவராத்திரிப் பருவத்தில் அத்தகைய ஓர் இடைத்தளம், நாங்கள் அனுப்பாத எடைக்கும் நாங்கள் பயன்படுத்தாத பெட்டி அளவுக்கும் கட்டணம் விதித்து, அந்தத் தொகையை எங்கள் வாடிக்கையாளர்கள் கொடுத்த பணத்திலிருந்தே எடுத்துக்கொண்டது. புகார் நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. பெயரைக் காட்டிலும் பணம் எந்த வழியில் போகிறது என்பதைத் தெரிந்துகொள்வதே உங்களுக்குப் பயன்படும். இதே வழியை வேறொரு பெயரிலும் நீங்கள் எதிர்கொள்ளக்கூடும்.

நாங்கள் விற்பது காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் பெண்கள் பனையோலையில் முடையும் கொட்டான்கள் என்ற சிறு கூடைகள். செட்டிநாட்டு வீடுகளின் திருமணங்களிலும் சடங்குகளிலும் காலங்காலமாகப் புழங்கி வரும் இந்தக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. நவராத்திரியில் கொலுவுக்கு வருபவர்களுக்குத் தாம்பூலம் வைத்துக் கொடுப்பதற்காகச் சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் முதலிய ஊர்களிலிருந்து புரட்டாசியில் ஆர்டர்கள் குவியும். ஓலையைக் கிழித்து, சாயமேற்றி, உலர்த்தி, முடைந்து கொண்டுவந்து தரும் பெண்களுக்கு, விற்றபிறகு தருகிறோம் என்று சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை. கொட்டான் கைக்கு வந்ததும் கூலி கைமாறிவிடும். ஆகவே வாடிக்கையாளர் கொடுத்த பணம் இடையில் எங்காவது தங்கிவிட்டால், அடுத்த கட்டு ஓலை வாங்குவதும் அடுத்த கூலி கொடுப்பதும் உடனே தடைபடும். இந்தச் சுமை கடைசியில் யார் தலையில் இறங்குகிறது என்பது தெரிந்திருப்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கொட்டான் எடையில்லாத பொருள். ஆனால் இடத்தை அடைக்கும் பொருள். கூரியர் கட்டணம் இரண்டு விதமான எடைகளை ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்கு விதிக்கப்படுகிறது. ஒன்று தராசில் காட்டும் உண்மையான எடை. மற்றொன்று பெட்டியின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலான நிறுவனங்களின் வழக்கப்படி 5000ஆல் வகுத்தால் கிடைக்கும் கன அளவு எடை. எங்களுடைய நடுத்தரப் பெட்டி 20 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரம் கொண்டது. பெருக்கினால் 6000, 5000ஆல் வகுத்தால் 1.2 கிலோ. அரைக் கிலோ படிகளாகக் கட்டணம் கணக்கிடப்படுவதால் 1.5 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும். உள்ளே இருக்கும் கொட்டானோ முந்நூறு கிராம்கூட இராது. வண்டியில் பெட்டி அடைக்கும் இடத்துக்குக் கட்டணம் கேட்பது நியாயமானதே. அதைக் கணக்கில் சேர்த்துத்தான் விலை வைத்தோம். ஒவ்வொரு பார்சலுக்கும் அந்த அளவுகளைத் தளத்தில் சரியாகப் பதிவும் செய்தோம்.

பருவம் சூடுபிடித்த வாரத்தில், எடை வேறுபாடு என்ற தலைப்பில் ஒரு நீண்ட பட்டியல் வந்தது. மேலே சொன்ன அதே பெட்டி அதில் 30 செ.மீ., 28 செ.மீ., 25 செ.மீ. என்று அளக்கப்பட்டு, 4.2 கிலோ எனக் கணக்கிடப்பட்டு, 4.5 கிலோவுக்கான கட்டணத்துக்கு உயர்த்தப்பட்டிருந்தது. அந்த அளவில் எங்களிடம் பெட்டியே கிடையாது. மதுரையில் ஓர் அட்டைப்பெட்டித் தயாரிப்பாளரிடம் மூன்றே அளவுகளில் மொத்தமாக வாங்குகிறோம். ஒவ்வொரு அளவும் அவருடைய பில்லில் அச்சாகியிருக்கிறது. கூடுதல் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்ந்துகொண்டது. ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத சிறு விற்பனையாளர்கள் அந்த வரியை உள்ளீட்டு வரவாக, அதாவது தாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் தொகையாக, எடுக்கவும் முடியாது என்பதால், பொய்யான அளவுக்கு விதிக்கப்பட்ட வரியும் கைவிட்டுப் போன பணம்தான்.

பட்டியலை மறுப்பதற்கு ஏழு நாள் கெடு என்றும், அதற்குள் மறுக்காதவை ஏற்றுக்கொள்ளப்பட்டதாகக் கருதப்படும் என்றும் அவர்களுடைய விதிமுறை கூறுகிறது. இரவு பகலாகப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்தக் கெடு ஓடிக்கொண்டிருந்தது. அப்படியிருந்தும் ஒவ்வொரு பார்சலுக்கும் முகவரிச் சீட்டு தெரியும்படி எடுத்த படம், தராசில் வைத்து எடுத்த படம், அளவு நாடாவை மூன்று பக்கமும் வைத்து எடுத்த படம் ஆகியவற்றை ஏற்றி, கெடுவுக்குள் மறுப்பைப் பதிவு செய்தோம். சில மறுப்புகள் ஏற்கப்பட்டன. பெரும்பாலானவை, கூரியர் நிறுவனம் தந்த சான்றின்படி கட்டணம் சரியானதே என்ற ஒரே வாசகத்துடன் மூடப்பட்டன.

அந்தச் சான்றைக் கேட்டுப் பெறுவதற்குள் பல மின்னஞ்சல்கள் அனுப்ப வேண்டியதாயிற்று. வந்த படங்களைப் பார்த்தபோது எனக்குக் கோபத்தைவிட வேதனையே அதிகமாக இருந்தது. ஒரு படத்தில் அளவுக் கருவியின் மேல் இருந்தது எங்கள் அட்டைப்பெட்டியே அல்ல, கறுப்பு நிற பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ஏதோ ஒரு மூட்டை. இன்னொன்றில் முகவரிச் சீட்டு படிக்க முடியாதபடி மங்கலாக இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, வெவ்வேறு ஊர்களுக்கு வெவ்வேறு நாட்களில் அனுப்பிய இரண்டு பார்சல்களுக்கு ஒரே படம் சான்றாக வந்திருந்தது. இரண்டையும் அருகருகே வைத்து அனுப்பி விளக்கம் கேட்டோம். அந்த மின்னஞ்சலுக்கு வந்த பதில், இந்த டிக்கெட் (புகார்ப் பதிவு) ஏற்கெனவே தீர்க்கப்பட்டுவிட்டது என்ற தானியங்கி அறிவிப்பு மட்டுமே. சேவை மையத்தில் பேசியவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவரிடம் இணைப்புத் தர அவர்களால் இயலவில்லை.

இனி, பணம் எப்படிப் பிடிக்கப்பட்டது என்பதைச் சற்று விளக்க வேண்டும். எச்சரிக்கையின் மையமே இதுதான். இத்தகைய தளங்களில் வாலட்டில் முன்பணம் போட்டுவைத்தால்தான் பார்சல் பதிவு செய்ய முடியும். எடை வேறுபாட்டுக் கட்டணம் அந்த வாலட்டிலிருந்து தானாகவே கழிக்கப்படுகிறது. இருப்புப் போதவில்லை என்றால் வாலட் எதிர்மறைக்குப் போய், ஏற்கெனவே கட்டி வைத்த பார்சல்களுக்குச் சீட்டு எடுக்க முடியாமல் நின்றுவிடுகிறது. கொலு தொடங்கிய பிறகு போய்ச் சேரும் தாம்பூலக் கொட்டானை யாரும் வாங்கப் போவதில்லை. ஆகவே தவறென்று தெரிந்த கட்டணத்தையும் கட்டி ரீசார்ஜ் செய்தே ஆக வேண்டிய நெருக்கடி விற்பனையாளருக்கு உண்டாகிறது. அதோடு முடியவில்லை. பொருளைப் பெற்றுக்கொண்டு வாடிக்கையாளர் கொடுக்கும் கேஷ் ஆன் டெலிவரி பணம், கூரியர் நிறுவனத்திடமிருந்து இடைத்தளத்துக்குப் போய், அதன்பிறகே எங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். எங்களுக்கு வர வேண்டிய அந்தத் தொகையிலும் நிலுவைச் சரிக்கட்டல் என்று கழித்துக்கொண்டு, மீதியைத்தான் அனுப்பினார்கள். சர்ச்சை முடிவாகாமல் இருந்த கட்டணங்களும் அந்தக் கழிவில் அடங்கியிருந்தன. எங்கள் பணத்தைக் கையில் வைத்திருப்பவரும், அதிலிருந்து எவ்வளவு தமக்குச் சேர வேண்டும் என்று முடிவு செய்பவரும், அந்த முடிவின் மீதான முறையீட்டைக் கேட்பவரும் ஒருவராகவே இருக்கும் ஏற்பாடு இது. இதில் சிறு விற்பனையாளருக்கு நியாயம் கிடைக்க வழியே விடப்படவில்லை என்பது என் உறுதியான கருத்து.

திரும்பி வந்த பார்சல்களின் கதை தனி. பெங்களூரில் ஒரு வாடிக்கையாளர் நாள் முழுவதும் வீட்டிலேயே காத்திருந்து, மாலையில் எங்களை அழைத்து, பார்சல் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டார். அதே நேரத்தில் தளத்தில், வாடிக்கையாளர் பொருளை வாங்க மறுத்தார் என்று பதிவாகியிருந்தது. யாரும் அவரை அழைக்கவில்லை, யாரும் வாசலுக்கு வரவும் இல்லை. மறுமுறை கொண்டுபோய்க் கொடுக்கும்படி எழுத்தில் கேட்டோம். இருந்தும் அடுத்த நாளே அது ஆர்டிஓ (அனுப்பியவருக்கே திருப்பி அனுப்புதல்) என்று மாற்றப்பட்டு எங்களை நோக்கித் திரும்பியது. போன கட்டணம், திரும்பிய கட்டணம் இரண்டும் எங்கள் வாலட்டிலிருந்து கழிந்தன. திரும்பும் கட்டணமும் உயர்த்தப்பட்ட எடைக்கே விதிக்கப்பட்டது. நசுங்கிய பெட்டிக்குள் மூடி பிளந்து கிடந்த கொட்டானைப் பார்த்த, அதை முடைந்த ஆச்சி, “இத இனி யாருக்கும் குடுக்க முடியாதும்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார். ஓலை ஒருமுறை மடிந்து முறிந்தால் அதைச் சரிசெய்ய வழியில்லை.

இந்த அனுபவத்துக்குப் பிறகு எங்களிடம் விசாரித்த மற்ற விற்பனையாளர்களுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். தளத்தில் பதிவு செய்வதற்கு முன், எடை வேறுபாட்டுக் கட்டணத்தை கேஷ் ஆன் டெலிவரி பணத்தில் கழித்துக்கொள்ளும் உரிமை அவர்களுடைய விதிமுறையில் எழுதப்பட்டிருக்கிறதா, சர்ச்சை நிலுவையில் இருக்கும்போது கழிக்கலாமா என்ற இரண்டையும் தேடிப் படியுங்கள். எழுத்தில் தெளிவான பதில் தராத தளத்தில் கேஷ் ஆன் டெலிவரி வசதியைத் தொடங்க வேண்டாம். வாலட்டில் அன்றன்றைய பார்சலுக்குத் தேவையானதற்கு மேல் பணம் வைக்காதீர்கள். அதிக ரீசார்ஜுக்குச் சலுகை என்ற அறிவிப்புகள் அடிக்கடி வரும்; அவற்றுக்காகவும் அதிகம் போட வேண்டாம். ஒரே பொருளை ஒரே பெட்டியில் திரும்பத் திரும்ப அனுப்புபவர்கள், அதன் எடையையும் அளவையும் முன்கூட்டியே உறுதிசெய்து பூட்டிவைக்கும் வசதி தளத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள்; வெயிட் ஃப்ரீஸ் என்ற பெயரில் சில தளங்கள் இதைத் தருகின்றன. பார்சல் வந்து சேராத வாடிக்கையாளரிடம், தம்மை யாரும் அழைக்கவில்லை என்பதை நாள், நேரத்துடன் வாட்ஸ்அப்பில் எழுதித் தரும்படி அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள். நாங்கள் இப்போது பெரும்பகுதியை அஞ்சலகத்தின் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புகிறோம். வாசலுக்கு வந்து எடுத்துச் செல்லும் சௌகரியத்தை விட்டுவிட்டு அஞ்சலகம் வரை பெட்டிகளைச் சுமந்துபோக வேண்டியிருக்கிறது. ஆனால் கண்முன்னே எடைபோட்டு, கட்டணம் வாங்கி, ரசீது தந்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அந்த எடையைப் பற்றி எங்களிடம் யாரும் பணம் கேட்டதில்லை.

ஏற்கெனவே பணம் இழந்தவர்களுக்கு: நீங்கள் வியாபாரி, நுகர்வோர் அல்ல, ஆகவே புகார் செல்லாது என்று எங்களிடம் கூறியதைப் போலவே உங்களிடமும் கூறுவார்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவரை நுகர்வோர் என்ற வரையறையிலிருந்து விலக்குகிறது என்பது உண்மையே. ஆனால் சுயதொழில் மூலம் தம் வாழ்வாதாரத்துக்காக மட்டும் ஒருவர் பொருளை வாங்கிப் பயன்படுத்துவதை வணிக நோக்கமாகக் கொள்ளக்கூடாது என்ற விளக்கமும் அதே பிரிவில் இருக்கிறது. அது சேவை பெறும் உங்களுக்கும் பொருந்துமா என்பதை ஒரு வழக்கறிஞரிடம் ஆவணங்களுடன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நிறுவனத்தின் சேவை மையம் சொல்வதை இறுதியான சட்டக் கருத்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கோ வடக்கே உள்ள நகரத்தின் நீதிமன்றத்தில்தான் வழக்குத் தொடுக்க முடியும் என்ற ஒப்பந்த வரியைக் கண்டும் தயங்க வேண்டாம். புகார்தாரர் தாம் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு அளிக்கலாம் என்று 2019ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நடுவர் தீர்ப்புக்குத்தான் போக வேண்டும் என்ற ஒப்பந்த வரி நுகர்வோர் புகாரைத் தடுக்காது என்பதை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதிசெய்திருக்கிறது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முதலில் பதிவு செய்தோம். அதற்கு நிறுவனம் அளித்த பதிலில் பழைய வாசகமே இருந்ததால், வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்பி, சிவகங்கை மாவட்ட ஆணையத்துக்கான மனுவைத் தயாரித்து வருகிறோம். இதை நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம்; சேவைக்காகக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு அளிக்க வேண்டும் என்பதால், உங்கள் வாலட் கணக்கை இப்போதே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். சான்று என்று அவர்கள் அனுப்பிய படங்களையும் எடுத்து, அவற்றில் இருப்பது உங்கள் பெட்டிதானா, ஒரே படம் இரண்டு பார்சல்களுக்கு வந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.